புங்கங்காய் ஓட்டில் முளைத்த கிண்ணங்கள்

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் என் பெயர் இருந்தது. காளான் தேடப் போனபோது துணைக்கு வந்ததற்காக நன்றி என்று என் தோழி ஆங்கிலத்தில் போட்டிருந்தாள். துணைக்கு! புடவை எடுக்கப் போகிறவளோடு தி.நகருக்குத் துணைக்குப் போவார்கள். பல் பிடுங்கப் போகிறவரோடு துணைக்குப் போவார்கள். ஆறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தவளை இப்படி எழுத அவளுக்கு எப்படிக் கை வந்தது என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுக்க வந்தவர்கள்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு யோசித்துத்தான் கையை நீட்டினார்கள்.

நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரத்தம், சிறுநீர், சளி என்று மனிதனிடமிருந்து வருகிற எல்லாவற்றையும் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்ப்பது என் பிழைப்பு. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் தெருக்களைச் சுற்றிய அம்மா, என் தலையில் அந்தக் கூடை ஏறக் கூடாது என்று ஒரே பிடிவாதமாக என்னை டிப்ளமா படிக்க வைத்தாள். என் தோழி பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியை. மாட வீதிப் பக்கம் பல தலைமுறையாக இருந்த குடும்பம், இப்போது அடையாறில் அடுக்குமாடி வீடு. சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்திருப்போம், பேசியிருக்க மாட்டோம். எங்களைப் பேச வைத்தது கடுகில் பாதி அளவுகூட இல்லாத ஒரு காளான்.

மழைக்காலத்தில் புங்க மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய் ஓடுகளைப் புரட்டினால், ஈரத்தில் கறுத்துப்போன ஓட்டின் மேல் மஞ்சளாகச் சில புள்ளிகள் தெரியும். வெறும் கண்ணுக்குப் புள்ளி, லென்ஸ் வைத்தால் கிண்ணம். குட்டையாக ஒரு காம்பு, குழிந்த வாய், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் லேபில் மிஷின் படுத்துவிட, பொழுது போகாமல் அப்படி ஒன்றை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நீள நீளமான பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் எட்டு ஸ்போர்கள், காளானின் விதைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷேர் ஆட்டோவில் அடைந்த ஜனங்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு இருந்தன. எண்ணினேன், எட்டு. அடுத்த பையிலும் எட்டு. அதுவரை நோயை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத ஒன்றைப் பார்ப்பது எத்தனை சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு என் மேஜை ஓரத்தில் எப்போதும் ஒரு டிபன் டப்பாவில் ஈர டிஷ்யூவும் புங்கங்காய் ஓடும் இருக்கும்.

ஒருநாள் தன் அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க வந்த என் தோழி அந்த டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன, டெஸ்ட்டுக்கு வந்திருக்கா?”

“இல்ல மேடம், நானாதான் எடுத்தாந்து வெச்சிக்கினு கீறேன். இன்னா காளான்னு பேரு தெர்ல.”

அவள் கைப்பையிலிருந்து லென்ஸ் ஒன்றை எடுத்தாள். கைப்பையில் லென்ஸோடு அலைகிற பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டப்பாவின் மேல் குனிந்தவள் ரிப்போர்ட்டை மறந்துவிட்டாள். “இந்த மாதிரி கப் ஃபங்கஸை நம்ம ஊர்ல யாரும் பாக்கறதே இல்ல. நீ பாத்துண்டு இருக்கே! மேடம் கீடம்லாம் வேண்டாம், நானும் உன் வயசுதான்,” என்றாள். அடுத்த ஞாயிறே இருவரும் சேர்ந்து கிளம்பிவிட்டோம்.

ஆறு மழைக்காலம் அப்படிப் போனது. ஞாயிறு காலையில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ மரம் மிச்சம் இருக்கிற தெருக்களில் நடப்போம். அவளுக்கு முட்டி வலி, ஆனாலும் குப்பையைப் பார்த்தால் சட்டென்று உட்கார்ந்துவிடுவாள். தூங்குமூஞ்சி மரத்துக் காய், தென்னை மட்டை, சாக்கடை ஓரத்துச் சுள்ளி, எதையும் விடமாட்டாள். காவலாளிகள் துரத்துவார்கள். வண்டி நிறுத்த வந்தவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பிறகு கை கழுவிவிட்டு ஓட்டலில் பொங்கல் சாப்பிடுவோம். என் தட்டிலிருந்து முந்திரியை அவள் எடுத்துக்கொள்வாள், அவள் தட்டிலிருந்து வடையை நான் எடுத்துக்கொள்வேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஒரு சிநேகிதி இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமில்லை.

தேடுவது அவள் வேலை, பார்ப்பது என் வேலை என்று தானாகவே பிரிந்துகொண்டது. கல்லூரியில் அவளுக்கு வகுப்பு, விடைத்தாள், கமிட்டி என்று ஓய்வே கிடையாது. கிண்ணக் காளானோ இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காது. அதன் முகத்தைப் பார்த்துப் பெயர் வைக்கவும் முடியாது. மஞ்சள் கிண்ணம் என்றால் மஞ்சள் கிண்ணம் எத்தனையோ இருக்கிறது. பை எவ்வளவு நீளம், அயோடின் விட்டால் பையின் நுனி நீலமாகிறதா, ஸ்போருக்குள் எண்ணெய்த் துளி எத்தனை, ஸ்போரின் நடுவே குறுக்குச் சுவர் உண்டா, இவைதான் அதன் அங்க அடையாளங்கள். அதையும் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், பை சுருங்கிவிடும். அதனால் திங்கட்கிழமை விடிந்ததும், லேபுக்குக் கிளம்புவதற்கு முன், சமையலறை மேடையில் என் பழைய மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பார்த்ததை அளந்து, வரைந்து, நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்புவேன். காளானைக் காயவைத்துக் காகிதப் பொட்டலமாக மடித்து அடுத்த ஞாயிறு கையில் கொடுப்பேன்.

இதில் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். பையைப் பிளந்து ஸ்போரை எடுத்து அளந்தால் சரியாக வராது, உள்ளே இருப்பதில் பாதி பிஞ்சாக இருக்கும். தானாக வெளியே தெறித்து வந்ததுதான் முற்றியது. ஆகவே டப்பாவின் அடியில் ஈர டிஷ்யூ, அதன்மேல் காளானோடு ஓட்டுத் துண்டு, இரண்டு பக்கமும் தீக்குச்சி அடுக்கு, அதன்மேல் பாலம் போட்டது மாதிரி ஒரு கவர் ஸ்லிப், அதாவது ஸ்லைடை மூடுகிற மெல்லிய கண்ணாடி. ஞாயிறு சாயங்காலம் அப்படி வைத்தால் மறுநாள் காலையில் கண்ணாடியின் அடியில் பவுடர் பூசியது போல ஸ்போர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரின் மேல் அதைக் கவிழ்த்து இருபது ஸ்போரை அளப்பேன். வேலை முடிந்ததும் கவர் ஸ்லிப்பை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, திரும்ப டப்பாவில் போட்டுவிடுவேன். அந்தக் காலத்து லேப் புத்தி அது. தூக்கிப் போட மனசு வராது.

நோட்டில் இந்தத் தீக்குச்சி சமாசாரத்தை நான் ஒருநாளும் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவுமில்லை. லேப் ரிப்போர்ட்டில் எப்படி எண்ணினோம் என்றா எழுதுகிறோம்? வெள்ளை அணு இவ்வளவு, சிவப்பணு இவ்வளவு, கீழே கையெழுத்து. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்து மருந்து எழுதுவார். என் எண்ணை நம்பி எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், எத்தனையோ பேரை பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவளும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் நான்காவது மழைக்காலத்தில், மயிலாப்பூரில் என் தெரு முனைப் புங்க மரத்தடியில் ஒரு மஞ்சள் கிண்ணம் கிடைத்தது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை, பார்க்கவே அழகு. இது புதுசாக இருக்கும் என்று அவளுக்கு ஒரே ஆசை. நான் இருபது ஸ்போரை அளந்தேன். இருபதிலும் நடுவில் சுவர் இருந்தது. அவள் எனக்கு இரவல் கொடுத்திருந்த புத்தகத்தில் அதே காளான், அதே அளவு, அதே படம். போனில் சொன்னேன்.

“பழைய ஸ்பீஷீஸ்தானா? புதுசுன்னு நெனச்சுண்டு இருந்தேனே.”

“பழ்சுதான்பா. புக்குல கீற மாதிரியே அச்சு அசலா கீது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அடுத்த ஞாயிறு பொட்டலத்தைக் கொடுத்தேன். அதோடு அந்தக் காளானை நான் மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, காளான் பார்க்கிறவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் அவளுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு கட்டுரையைப் போட்டார். மயிலாப்பூரிலிருந்து ஒரு புதிய கிண்ணக் காளான். புங்கங்காய் ஓட்டில். திறந்து பார்த்தால் என் தெரு, என் மரம், நாங்கள் எடுத்த அதே தேதி. எழுதியவர்கள் அவளும் வெளிநாட்டுக்காரர் ஒருவரும். முந்தின ஞாயிறுகூட என்னோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டவள், இப்படி ஒன்று வரப்போகிறது என்று மூச்சு விடவில்லை.

திருடிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் கோபம் கொஞ்சம் இறங்கி, கட்டுரையை வரி வரியாகப் படித்தேன். அப்போதுதான் கவனித்தேன், திருடுவதற்கு என்னுடையது எதுவுமே அதில் இல்லை. என் அளவு இல்லை, என் படம் இல்லை. ஸ்போரின் நீளம் குறைவாக இருந்தது. குறுக்குச் சுவர் இல்லை என்று போட்டிருந்தாள். தெரிந்த காளானிலிருந்து இது வேறு என்பதற்கே அந்தச் சுவர் இல்லாததுதான் காரணமாம். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. காய்ந்த பொட்டலத்தைப் பிரித்துப் பைக்குள் மிச்சமிருந்த பிஞ்சுகளை அளந்திருக்கிறாள். இந்தக் காளானுக்கு ஸ்போர் வெளியே வந்த பிறகுதான் சுவர் விழும். பிஞ்சை வைத்துப் புதுப்பெயர் சூட்டிவிட்டாள். சரி, நான் எழுதி அனுப்பிய பக்கம்தான் அவளிடம் இருக்கிறதே, அதை ஏன் பார்க்கவில்லை? சிரிப்பு அங்கே நின்றது. அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்து அடையாறு போனேன்.

கதவைத் திறந்தவள், “வா வா, உனக்குத்தான் போன் பண்ணிண்டே இருக்கேன்,” என்றாள். நான் உட்காரவில்லை.

“பேரு போடலன்னு சண்டைக்கு வர்ல. என் அளவு இன்னா ஆச்சு? இருபது அளந்து குடுத்தேனே, இருபதுலயும் சுவரு இருந்துச்சே. அத்த ஏன் எடுத்துக்கல?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே பேசினாள்.

“அந்த வருஷமே பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தேன். ஒரு ஸ்போர்லகூட சுவர் இல்ல. மூணு நாள் உக்காந்து தேடினேன். ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்னு தேடினேன்.”

“அதுக்கு?”

“நீ புஸ்தகத்தைப் பாத்து எழுதிட்டேன்னு நெனச்சேன். லேப்ல வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும். நீயே போன்ல சொன்னியே, புக்ல இருக்கற மாதிரியே அச்சு அசலா இருக்குன்னு.”

 தீக்குச்சி, கவர் ஸ்லிப், வெளியே தெறிக்கிற ஸ்போர் எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பொய் மாதிரி கேட்டது. அவள் வகுப்பில் ஒரு மாணவி சாக்குச் சொல்வதைக் கேட்பது போலப் பொறுமையாகக் கேட்டாள்.

“இதை ஏன் நோட்ல எழுதல?”

“எய்தணும்னு தெர்லபா.”

“அந்த கவர் ஸ்லிப் இருக்கா?”

“கய்விட்டேன்.”

அவள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். “விடுடி. எனக்கு அதுல கோவமே கிடையாது. நான் எப்பவோ மன்னிச்சாச்சு. இந்த ரெண்டு வருஷத்துல உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா சொல்லு? மனுஷான்னா அப்படி இப்படித்தான் இருப்பா.”

மன்னித்துவிட்டாளாம்! நான் செய்யாத தப்பை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே மன்னித்து, மன்னித்த கையோடு என் தட்டிலிருந்து முந்திரியும் எடுத்துத் தின்றிருக்கிறாள். அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். லிஃப்ட் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்து வீடு சேர ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணி நேரமும் அந்த இரண்டு வருடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒருநாள் “இனிமே எல்லாத்துக்கும் போட்டோ எடுத்து அனுப்பு” என்று சொன்னாள். படம் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று, மைக்ரோஸ்கோப்பில் போனை மாட்டுகிற கருவியைத் தேடித் தேடி வாங்கினேன். இன்னொரு நாள் “இதை நீயே பாத்தியா?” என்றாள். என் கண்ணைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துப் பெருமையாக “நானேதான்” என்றேன். ஒரு பொட்டலத்தை மாணவிகளிடம் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லியிருந்தாள். பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். எல்லாம் சோதனை. என்னைச் சோதித்துக்கொண்டே என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறாள்.

பேராசிரியை ஒருத்தி எழுதி அனுப்பியிருந்தால், இது எப்படி வந்தது என்று கேட்டிருப்பாள். போன் போட்டுச் சண்டையே பிடித்திருப்பாள். மீன்காரி மகள், லேப் டெக்னீஷியன், புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டாள், பாவம் என்று முடிவு செய்ய அவளுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. அதனால்தான் இப்படி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட எனக்கு அந்த நினைப்பு வந்ததில்லை. அன்று வந்தது. வந்த பிறகு போகவில்லை.

கட்டுரையில் என் பெயர் வர வேண்டும் என்ற ஆசை அன்றோடு போயிற்று. ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. நான் பார்த்தேன் என்பதை அவள் நம்ப வேண்டும். அதற்கு மழை வர வேண்டும், அதே மரத்தடியில் அதே கிண்ணம் முளைக்க வேண்டும்.

அந்த வருடம் பார்த்து மழை தள்ளிக்கொண்டே போனது. தினமும் லேபுக்குப் போகும்போதும் வரும்போதும் மரத்தடியைப் பார்ப்பேன். மழைநீர் வடிகால் வேலைக்காக மரத்துக்கு இரண்டு அடி தள்ளிப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாதி வேர் வெளியே தெரிந்தது. இந்த மரம் விழுந்துவிட்டால் நான் காலம் முழுக்கப் பொய்க்காரிதான் என்று பயமாக இருந்தது. விழுந்த காய்களையோ மாநகராட்சியில் தெருப் பெருக்குகிற அம்மா தினம் அள்ளிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் அவளை மறித்தேன்.

“எக்கா, இந்த மூலைய மட்டும் பெருக்காதே. மய வர்ற வரைக்கும் காய் அப்டியே கெடக்கட்டும்.”

“இன்னாமா சொல்றே? சூப்பர்வைசர் வந்தா உன்னியா கேப்பான்? குப்பைல இன்னாத்தப் போட்டு வெச்சிக்கீறே?”

“காளான் மொளைக்கும்க்கா. அத்தப் பாக்கணும்.”

“துன்றதா?”

“துன்றது இல்ல. பாக்கறது.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த காய்களை விளக்குமாற்றால் மரத்தின் தூரோடு ஒதுக்கி, மேலே ஒரு உடைந்த கூரை ஓட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். ஏன், எதற்கு, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் நான்கு நாள் விடாமல் ஊற்றியது. தெருவில் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிந்து மூன்றாவது நாள் ஓட்டைத் தூக்கிப் பார்த்தேன். கறுத்த காய்களின் மேல் மஞ்சள் கிண்ணங்கள், ஓரத்தில் வெள்ளைக் கரை, வரிசையாக. அங்கேயே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளுக்குப் போன் செய்தேன். நாளைக் காலையில் உன் வீட்டுக்கு வருகிறேன், அரை மணி நேரம் போதும் என்றேன். சரி என்றாள்.

இந்த முறை கண்ணாடியில் விழும் ஸ்போரை நான் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சாயங்காலமே தீக்குச்சி அடுக்கி, கவர் ஸ்லிப் வைத்து, டப்பாவை மூடினேன். காலையில் டப்பாவை மடியில் வைத்து, மைக்ரோஸ்கோப்பைப் போர்வையில் சுற்றிப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அவள் மேஜையில் எல்லாவற்றையும் வைத்து, மூடியைத் திறந்து காட்டினேன்.

“நீயே எடு. நீயே பாரு. நான் தள்ளி நிக்கிறேன்.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தீக்குச்சிப் பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடுக்கியால் கவர் ஸ்லிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது தெரிந்தது. சொட்டுத் தண்ணீர் விட்டாள், கவிழ்த்தாள், குனிந்தாள். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். லேபில் எத்தனையோ பேர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

“ஒண்ணு,” என்றாள். “ரெண்டு. மூணு.” மெதுவாக ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். பன்னிரண்டில் குரல் உடைந்தது. இருபது வரை எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

“எல்லாத்துலயும் இருக்குடி.”

“சொன்னேனே.”

“தப்பு பண்ணிட்டேன். உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ரொம்பப் பெரிய தப்பு பண்ணிட்டேன்.” என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.  கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதப்போவதாகச் சொன்னாள், புதுப்பெயரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னாள், இந்தத் தடவை என் பெயர்தான் முதலில் என்றாள். என் பெயர் விஷயம் எனக்குக் காதில் சரியாக விழவில்லை. அவளுக்கு வெட்கக்கேடுதான், ஊர் பார்க்கப் பெயரைத் திரும்ப வாங்குவது சின்ன விஷயமில்லை. அதைச் செய்கிறேன் என்கிறாளே என்று என் மனசு கரைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். எவ்வளவு நாளாயிற்று இவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு! கிளம்பிப் போய்ப் பொங்கல் சாப்பிடலாமா என்று கேட்க வாய் எடுத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். ஸ்போர் இருபது, எல்லாவற்றிலும் குறுக்குச் சுவர் என்று எழுதினாள். பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“இது அதே மரம்தானே?”

“அதே மரம்தான்.”

“நிச்சயமா? பக்கத்துல வேற புங்க மரம் எதுவும் இல்லையே?”

கேட்க வேண்டிய கேள்விதான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன். இல்லை, வேறு மரம் கிடையாது, அந்த ஒன்றுதான் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். ஆறு வருடத்தில் அவள் நோட்டில் என்ன எழுதுகிறாள் என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். இடம் என்ற வார்த்தைக்கு எதிரே, அழகான சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: அதே மரம், எடுத்தவர் சொன்னபடி.